ஏழுதான் இருக்கு

மீனைப் பற்றி எனக்குத் தெரிந்தது மத்ஸ்யாவதாரம் மட்டும்தான். அதுவும் காலண்டர் படத்தில் பார்த்தது. ஐம்பத்தாறு வயது வரை மீன்கடை இருக்கும் தெருவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்த ஸ்ரீநிவாசராகவனாகிய நான், போன ஆடி மாதம் பிளாஸ்டிக் பையில் இரண்டு மீன்களை வைத்துக்கொண்டு திருடன் மாதிரி மாடிப்படி இறங்கினேன் என்றால் என் சொந்தக்காரர்கள் யாரும் நம்பப் போவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

முடிச்சூரில் ஏசுபாதத்தின் வீட்டு மாடியில் நாலு வருஷமாகக் குடியிருக்கிறேன். மனைவிக்குத் திருச்சியில் வேலை, எனக்குத் தாம்பரத்தில் ரயில்வே ஆபீஸ். கீழே ஏசுபாதம், அவர் மனைவி தபீதாள், மகன் எபி, மருமகள் ஜெரூஷா. ஏசுபாதம் மேஸ்திரி. இந்தப் பக்கத்து நெல்வயல் எல்லாம் பிளாட் ஆனபோது பாதி வீடுகளுக்குக் கடைக்கால் போட்டவர். இப்போது முட்டி தேய்ந்துபோய் வீட்டோடு இருக்கிறார். எபி ஏசி மெக்கானிக். ஜெரூஷா மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையில் ஸ்டாக் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணிக்கையில் அவளை ஏமாற்ற முடியாது என்று கடை முதலாளியே சொல்வாராம்.

சித்திரையில் அவளுக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே நின்றுவிட்டது. பெண் குழந்தை. அவள் மயக்கம் தெளிவதற்குள் ஏசுபாதமும் எபியும் அதை ஆட்டோவில் எடுத்துக்கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்துவிட்டார்கள். பெற்றவளுக்குக் காட்டக்கூடாது, காட்டினால் மனசை விட்டுப் போகாது என்று உறவில் எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். அவர்கள் வழக்கம் மட்டுமில்லை, எங்கள் பக்கத்திலும் அதுதான். ஜெரூஷா எபியிடமும் தபீதாளிடமும் குழந்தையைப் பற்றி ஓரிரு தடவை கேட்டுப் பார்த்தாள். கேட்கும்போதெல்லாம் ஒருவர் காப்பி கொண்டுவந்தார், ஒருவர் டிவியைப் போட்டார். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதோடு பேசுவதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டாள்.

டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, "எதையாவது வளர்க்கச் சொல்லுங்க, செடியோ நாய்க்குட்டியோ," என்றாராம். நாய் என்றால் தபீதாளுக்கு ஆகாது. பின்பக்கம் தண்ணீர் சம்ப்புக்கென்று தோண்டிப் பாதியில் விட்ட குழி ஒன்று இருந்தது. அதை அகலமாக்கி, எட்டடிக்கு ஐந்தடி, இரண்டரை அடி ஆழத்தில் ஏசுபாதமே உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு குளம் கட்டினார். முட்டி வலியில் அவர் முனகிக்கொண்டே பூசியது மாடிக்குக் கேட்கும்.

"புதுச் சிமெண்டு சார்," என்று என்னிடம் சொன்னார். "சுண்ணாம்பு கக்கிகினே கீதும். வாயத்தண்ட வெட்டிப் போட்டு மூணு வாரம் ஊற வச்சு, நடுவுல மூணு வாட்டி தண்ணிய எறச்சிக் கொட்டணும். அப்பாலதான் மீனு."

ஆனால் பத்தாவது நாள் ஜெரூஷா பின்வாசலுக்கு வந்து, வாழைத்தண்டு மிதக்கும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "மீன் எப்ப மாமா வரும்?" என்று கேட்டாள். குழந்தையைப் பற்றிக் கேட்பதை நிறுத்தி இரண்டு மாதத்துக்கு மேல் ஆனபிறகு அவள் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி. ஏசுபாதம் அன்றைக்கே தண்ணீரை இறைத்துக் கொட்டி, போர் தண்ணீரை நிரப்பிவிட்டார்.

மீன் வாங்கக் கீழ்க்கட்டளைக்குப் போனோம். எபியின் வண்டியில் அவர்கள் இருவரும், பை தூக்க என் ஸ்கூட்டரில் நானும். கடைக்காரர் சாலமோன், மீனை விற்பதைவிட விற்காமலிருப்பதில் அதிக அக்கறை காட்டும் மனிதர்.

"கோய் வேணாம்மா," என்றார், ஜெரூஷா காட்டிய பெரிய மீனைப் பார்த்து. "பாக்க அழகாத்தான் இருக்கும். ரெண்டே வருஷத்துல முழங்கை நீளம் வந்துரும். உங்க தொட்டியில திரும்பவே எடம் இருக்காது."

"அப்ப எதுங்க?"

"வெளியில வெயில்ல வைக்கிறதுக்கு இந்த நீளவாலு கோல்டு ஃபிஷ்தான். தாங்கும். ஏழு போதும், அதுக்கு மேல போட்டா மூச்சு முட்டும். கொசுவுக்குக் கொஞ்சம் கப்பி மீனு, பொடிசா இருக்குமே, அத போட்டுக்குங்க. வெயிலுக்கு ஒதுங்க ரெண்டு அல்லித்தொட்டி எறக்குங்க. தீனி ஒரே ஒருத்தர், ஒரே ஒரு வேள. ஆளாளுக்குப் போட்டீங்கனா தண்ணி கெட்டுரும்."

"பாத்துக்கறோம்ணா," என்றான் எபி.

"தொட்டி புதுசா? ஊற வச்சீங்களா?"

"வச்சாச்சு."

எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. எபியும் சொல்லவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து ஜெரூஷா ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். நாலு ஆரஞ்சு, இரண்டு வெள்ளையில் சிவப்பு, ஒன்று கறுப்பு. கறுப்பு மட்டும் முட்டைக்கண், சோம்பேறி. "இதுக்குச் சரியா கண்ணு தெரியாதும்மா, மத்ததுங்க தீனிய முந்திக்கும்," என்றார் சாலமோன். "பரவால்ல, நான் ஊட்டறேன்," என்றாள். எபி முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்போனைப் பார்க்கிற மாதிரி நின்றான்.

நாலு நாள் சந்தோஷமாக இருந்தது. காலையில் எழுந்ததும் பின்வாசலில் உட்கார்ந்து எண்ணுவாள். ஏழு என்று தனக்குள் சொல்லிக்கொண்டு காப்பி குடிப்பாள். தபீதாள் அவளுக்குப் பிடிக்குமென்று வஞ்சிரம் வறுத்தபோது, தொட்டிப் பக்கம் இருந்த அடுப்பங்கரை ஜன்னலை மூடச் சொன்னாளாம். "அதுங்களுக்கு வாசன போகக்கூடாது அத்தை" என்றாளாம். தபீதாள் இதை என்னிடம் சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் விடிகாலையில், துணி காயப்போட வந்தவன் மாடியிலிருந்து பார்த்தேன். ஏசுபாதம் குளத்துக்குள் கைவிட்டு எதையோ எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். தலையைத் தூக்கியவர் என்னைப் பார்த்துவிட்டார். வாயில் விரலை வைத்து, வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு வாழையோரம் போய்ப் பூச்சுக் கரண்டியால் மண்ணைத் தோண்டினார்.

அன்றைக்குச் சாயங்காலம் குளத்தில் மறுபடி ஏழு இருந்தது. பெருங்களத்தூரில் ஒரு கடையில் வாங்கிவந்து விட்டிருக்கிறார். எனக்கு அது ரொம்பப் பெரிய காரியமாகப் பட்டது. மனசு நெகிழ்ந்துபோயிற்று. அந்த நெகிழ்ச்சிதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம், வேறென்ன சொல்ல.

ஏனென்றால் இரண்டு நாள் கழித்து வெள்ளையில் சிவப்பு ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து மிதந்ததை முதலில் பார்த்தவன் நான். ஏசுபாதம் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள மருத்துவரிடம் போயிருந்தார். ஜெரூஷா இன்னும் எழவில்லை. நான் இறங்கினேன். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மீனைக் கையால் தொட்டேன். மேலே கொண்டுபோய்க் கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்துவிட்டு, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, ஆபீஸுக்குப் போகிற வழியில் ஒரு கடையில் அதே மாதிரி ஒன்று கேட்டேன். கடைப்பையன் கொடுத்ததில் சிவப்பு வாலில் இருந்தது. செத்ததில் தலையில் இருந்ததா வாலில் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு கணக்கு என் பிடியில் இல்லை. ஒருநாள் எட்டு. மறுநாள் ஆறு. அதற்கு மறுநாள் ஒன்பது. நான் ஒன்று விட்டால் மூன்று கூடியது. கூடியது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். குட்டி போட்டிருக்குமோ என்று ரயில்வே ஆபீஸில் மீன் சாப்பிடுகிற நண்பரை ரகசியமாகக் கேட்டேன். "குட்டி போட்டா அதே சைசுலயா சார் போடும்?" என்று அவர் சிரித்தார்.

எனக்கே இப்படியென்றால் ஜெரூஷாவுக்கு?

ஒரு மத்தியானம் மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். முகம் வீங்கியிருந்தது.

"அங்கிள், நீங்க மேல இருந்து பாப்பீங்கள்ல?"

"பாப்பேம்மா."

"நேத்து எத்தன இருந்துச்சு?"

"நான் எண்ணலையேம்மா."

"நான் எண்ணினேன் அங்கிள். நேத்து எட்டு. கறுப்புல ரெண்டு. இன்னைக்குக் கறுப்பே இல்ல. அத்தைகிட்ட சொன்னா, ஏழுதான் இருக்கு, நீ சரியா பாக்கலங்கறாங்க. எபியும் ஏழுதாங்கறான். நான் ஸ்டாக் எடுத்தவ அங்கிள். ஆயிரத்து எரநூறு மாத்திர அட்டைய ஒரு மணி நேரத்துல எண்ணுவேன். ஏழு மீன எண்ண முடியல எனக்கு."

"தண்ணி பச்சையா இருக்கில்லையா, அதனால..."

"அதனாலயா?" என்று ஆவலாகக் கேட்டாள். பிறகு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்ல அங்கிள். பாப்பா போனதுலேந்து எனக்கு இங்க என்னமோ ஆயிருச்சு." நெற்றியோரத்தைத் தொட்டுக் காட்டினாள். "செவ்வாய்க்கிழம டாக்டர்கிட்ட போறேன். அட்மிட் பண்ணிக்கங்கனு கேக்கப் போறேன். அம்மா வந்து பள்ளிக்கரணைக்குக் கூட்டிட்டுப் போறேங்கறாங்க. போயிடறதுதான் எல்லாருக்கும் நல்லது. நீங்க வெளி ஆளு, பொய் சொல்ல மாட்டீங்க. இப்ப பாருங்க, எத்தன இருக்கு?"

படியிலிருந்தே பார்த்தேன். எட்டு இருந்தது. அதில் ஒன்று நான் அன்று காலை விட்டது.

"ஏழுதாம்மா இருக்கு," என்றேன்.

அவள் உள்ளே போனாள். மேலே வந்து தட்டில் போட்ட சாதத்தைச் சாப்பிட முடியாமல் அப்படியே மூடி வைத்தேன். உண்மையைச் சொன்னால் செத்துப்போன மீன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். செத்தது என்ற சொல்லையே அவள் காதில் போடக்கூடாது என்றல்லவா அந்த வீடு நாலு மாதமாக நடந்துகொண்டிருக்கிறது. அதே சமயம், என் ஒரு வார்த்தையால் அந்தப் பெண் தனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டாள் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எது பாவம், எது புண்ணியம் என்று சத்தியமாக எனக்குப் புரியவில்லை. புரியாத மனுஷன் என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன். இன்னும் இரண்டு மீன் வாங்கினேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. தபீதாளும் ஜெரூஷாவும் காலை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். எபிக்கு ஒரு வீட்டில் ஏசி ரிப்பேர் என்று கேள்வி. ஆடிக்காற்று தென்னை மட்டையை அறைந்துகொண்டிருந்தது. நான் மீன் பையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தேன்.

குளத்தருகே ஏசுபாதம் குனிந்து நின்றார். அவர் கையில் ஒரு பை. பையில் இரண்டு ஆரஞ்சு.

என்னைப் பார்த்தார். என் துண்டைப் பார்த்தார். துண்டு துள்ளியது.

"இன்னா சார் இது?" என்றார்.

"நீங்கதான் தினமும் வாங்கறீங்கனு நினைச்சேன். உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு..."

"இது எத்தினி நாளா நடக்குது?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கவாட்டுச் சந்து வழியாக எபி வந்தான். ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டியிருந்தான். கையில் பிளாஸ்டிக் பை. அதில் மூன்று மீன், ஒன்று முட்டைக்கண் கறுப்பு. மூன்று பேரும் மூன்று பையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

"நீயுமாடா?" என்றார் ஏசுபாதம்.

"நீங்க ரெண்டு பேரும் எப்பலேந்துப்பா?"

"நான் அஞ்சாம் நாளுலேந்து. மூணு வாரம் ஊற வக்காத வுட்டது என் தப்பு. சுண்ணாம்புலதான் சாவுது. வாரா வாரம் பாதித் தண்ணி மாத்திகினுதான் கீறேன், இன்னும் வுடல."

"அதான்," என்றான் எபி. "நான் ஒண்ணு வுட்டா மறுநாள் ரெண்டு கூட இருக்கும். நானே லூசாயிட்டேனோனு நெனச்சேன்ப்பா."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. ஏசுபாதமும் சிரித்தார், எபியும். வாய்விட்டுச் சிரித்தோம். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனை காலமோ. சிரித்துக்கொண்டிருக்கும்போதே எபிதான் முதலில் நிறுத்தினான்.

பின்வாசலில் ஜெரூஷா நின்றுகொண்டிருந்தாள். கோயில் புடவையில், கையில் வேதப்புத்தகத்தோடு. பிரசங்கத்தில் உட்கார முடியாமல் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள்.

அவள் எங்கள் கைகளைப் பார்த்தாள். "மாமாகிட்ட ரெண்டு. அங்கிள்கிட்ட ரெண்டு. எபிகிட்ட மூணு," என்றாள். குளத்தைப் பார்த்தாள். "உள்ள அஞ்சு."

"ஜெரூ, நான் சொல்றேன்," என்றான் எபி.

"எத்தன செத்துச்சு?"

எபி என்னைப் பார்த்தான், சொல்லாதீர்கள் என்று.

"என் கணக்குல மூணும்மா," என்றேன். "அன்னிக்கு மாடிப்படியில நீ கேட்டப்ப எட்டு இருந்தது. நான் ஏழுனு சொன்னது பொய்."

"எனுக்கு ஆறு," என்றார் ஏசுபாதம்.

எபி தரையைப் பார்த்துக்கொண்டு, "நாலு," என்றான்.

"பதிமூணு," என்றாள் ஜெரூஷா. துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். புத்தகத்தை மடியில் வைத்தாள். "அப்ப நான் எண்ணினதெல்லாம் சரி."

"சரிதாம்மா," என்றேன். "எல்லாமே சரி."

"ஆறுன்னப்போ ஆறு. ஒம்போதுன்னப்போ ஒம்போது."

"ஆமாம்மா."

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ நீளமாக மூச்சை விட்டு, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து ஊரிலிருந்து திரும்பியவள் பார்க்கிற மாதிரி இருந்தது.

"செத்தத என்ன பண்ணீங்க? அங்கிள்?"

"மேல, கறிவேப்பிலைத் தொட்டியில புதைச்சேன்."

"எபி?"

அவன் பையைக் கை மாற்றிக்கொண்டான். "தெருமுன குப்பத்தொட்டியில," என்றான் கடைசியில். அவள் அவனைத் திட்டவில்லை.

"நீங்க மாமா?"

ஏசுபாதம் நொண்டிக்கொண்டே வாழையோரம் போனார். மண்ணில் செங்கல் துண்டுகளை ஒரு வரிசையாகப் பதித்திருந்தார். எனக்கே இது தெரியாது. "இது மொதல்ல போன ஆரஞ்சி," என்று முதல் துண்டைக் காலால் தொடாமல் கையை நீட்டிக் காட்டினார். "இது வாலு கிழிஞ்சது. இது உன் கறுப்பு, கண்ணு தெரியாதே, அது. ஒண்ணொண்ணா தனித்தனியாதாம்மா வச்சேன்."

ஜெரூஷா எழுந்துபோய் அவர் பக்கத்தில் குந்தினாள். கறுப்பு மீனின் செங்கல்மேல் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டாள்.

"மாமா," என்றாள். "பாப்பாவ எங்க வச்சீங்க?"

"ஜெரூ, உள்ள வா," என்று எபி வேகமாக வந்தான். "இப்ப எதுக்கு அது. வா, மாத்திர போடணும் நீ."

"நீ சும்மா இர்ரா," என்றார் ஏசுபாதம். அவர் மகனை அதட்டி நான் கேட்டதில்லை. தரையில் கையை ஊன்றி, தேய்ந்த முட்டியை மடக்க முடியாமல் மடக்கி, மருமகளுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"நம்ம கல்லறத் தோட்டம் கீதுல்ல, அங்க கெயக்குச் செவுத்தோரம். நான்தாம்மா தோண்டினேன். எபிய தோண்ட வுடல."

"ஆழமாவா?"

"ஆழமாதான். நாலு பக்கமும் செங்கல் வச்சி, மேல பூசிகீறேன். மழத்தண்ணி எறங்காது."

"முடி இருந்துச்சா மாமா?"

எபி சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு அங்கே நிற்கலாமா போகலாமா என்று தெரியவில்லை.

"இருந்துச்சி," என்றார் ஏசுபாதம். "நெறைய. காத மூடிகினு இருந்துச்சி. மூக்கு உன்னுது. வெரலு நீளம் நீளமா, எங்கம்மாவுது மாரி. நான் ஆட்டோல வரச்சொல்ல தொணியக் கொஞ்சம் வெலக்கிப் பாத்துகினேதான் வந்தேன். கண்ண மட்டும் மூடிகினு இருந்துச்சி."

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் சொன்ன எடை, கைரேகை, இடது காலில் இருந்த ஒரு மச்சம். நானும் எபியும் பைகளில் மீன்களோடு நின்றோம்.

"என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள் ஜெரூஷா.

"வா, போலாம்."

அவள்தான் கைகொடுத்து அவரைத் தூக்கிவிட்டாள். எழுந்தவர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை. அவள் கையையும் விடவில்லை.

"நாலு மாசமா என்னிய ஒருத்தரும் கேக்கலம்மா," என்றார். "நானும் யார்கிட்டதான் சொல்றது."